ரோட்டுக் குழிக்கு யாரைக் கூப்பிடுவது? அயர்லாந்து கிராமத்துச் சுயேச்சை கவுன்சிலர்கள்

மழைக்காதலி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஷானன் ஆத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்ல எட்டு வருஷமா இருக்கேன். முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கிற ஒரு விஷயத்தை இங்க கொட்டிடறேன்.

எங்க ஊர் கடைக் கண்ணாடியில "கிளினிக், சனிக்கிழமை காலை 10 முதல் 11.30 வரை"னு ஒரு தாள் ஒட்டியிருக்கும். கீழ ஒருத்தர் படம். வந்த புதுசுல அவரை டாக்டர்னே நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் கவுன்சிலர், ஜனங்ககிட்ட குறை கேட்கிற நேரத்துக்கு இங்க கிளினிக்னு பேர்.

எங்க வீட்டுக்கு வர்ற சந்து ரோட்டுல ஒரு வளைவு, அந்த வளைவுல ஒரு குழி. மழை பெஞ்சா தண்ணி நிறைஞ்சு குழி எது ரோடு எதுன்னே தெரியாது. நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது ஒரு டயர் போச்சு. அடுத்த குளிர்காலத்துல சஸ்பென்ஷன். ஆன்லைன்ல ரெண்டு தடவை புகார் போட்டேன். ஒரு நம்பர் வந்துச்சு, அத்தோட சரி. கூட வேலை பார்க்கிற அம்மா சொன்னாங்க, "கம்ப்யூட்டர்ல எழுதினா யார் படிப்பா? சனிக்கிழமை போய் அவரைப் பாரு."

போனேன். கடைக்குப் பின்னால மாட்டுத்தீவன மூட்டை அடுக்கின ரூம். ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு முன்னாடி ஒரு பாட்டி, இலவச வைத்தியத்துக்கான மருத்துவ அட்டை புதுப்பிக்கிற விஷயமா வந்திருந்தாங்க. அவர்கிட்ட ரப்பர் பேண்டு போட்ட ஒரு டைரி, காதுல பென்சில். என் பேரைக் கேட்டார், தப்பாத்தான் எழுதினார். முகவரி சொன்னதும், "ஓ, முன்னாடி போஸ்ட்மேன் இருந்த வீடா?"ன்னார். எனக்கு ஓட்டு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்கலை.

எந்தக் கட்சியும் கிடையாது. 2004-லேர்ந்து அஞ்சு தேர்தல், அஞ்சுலயும் ஜெயிச்சிருக்கார். கொஞ்சம் மாடும் வெச்சிருக்கார். என் கேள்வி இதுதான்: கட்சி இல்லாம, பெரிய காசு இல்லாம ஒரு மனுஷன் இருபது வருஷம் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? நிஜமாவே இவருக்கு என்ன அதிகாரம் இருக்கு?

வாசுதேவன்_டப்ளின்

சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடி பதில்: மிகக் குறைவு. சட்டத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் பெரும்பாலும் கவுன்சிலின் அன்றாட நிர்வாகம் கவுன்சிலர்கள் கையில் இல்லை, மேலாளர் கையில். 1929-ல் கார்க் நகரத்தில் ஆரம்பித்த முறை இது. 1940-ல் வந்த சட்டம் எல்லா கவுன்டிகளுக்கும் (மாவட்டங்களுக்கும்) அதை விரித்தது. 2014 முதல் அந்தப் பதவிக்குத் தலைமை நிர்வாகி என்று பெயர். ஆள் நியமனம், ஒப்பந்தம், தனிப்பட்ட வீட்டுக்குக் கட்டட அனுமதி, வீடு ஒதுக்கீடு எல்லாம் அவருடையவை. கவுன்சிலர்கள் கையில் இருப்பது ஆண்டு பட்ஜெட், வளர்ச்சித் திட்டம், துணை விதிகள், சொத்துவரியைக் கொஞ்சம் ஏற்றி இறக்குவது போன்ற சில.

அவர்களிடம் இருந்ததையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டார்கள். 1970-ல் வந்த சட்டத்தால் சுகாதாரம் போயிற்று. 1977 தேர்தல் வாக்குறுதியால் பழைய வீட்டு வரி போயிற்று, கூடவே சொந்த வருமானத்தில் ஒரு பங்கும். 2014-ல் குடிநீர் தனி நிறுவனத்துக்குப் போயிற்று. அதே ஆண்டு 80 ஊர் கவுன்சில்களை மொத்தமாக மூடினார்கள். 1,627 ஆக இருந்த கவுன்சிலர் எண்ணிக்கை 949 ஆயிற்று. போலீஸும் பள்ளியும் அவர்களிடம் இல்லை.

எனவே உங்கள் குழியை மூடச் சொல்லி அவர் உத்தரவு போட முடியாது. பொறியாளருக்குப் போன் போடலாம். அதைத்தான் நீங்களும் செய்யலாம்.

கில்லார்னி_கண்ணன்

வாசு சார், நானும் பொறியாளருக்குப் போன் போட்டிருக்கேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு பாட்டு கேட்டுட்டு வெச்சுட்டேன். கவுன்சிலர் போட்டா எடுப்பாங்க. அந்த வித்தியாசத்துலதான் சார் அவங்க பொழப்பு.

நான் கெர்ரியில ஹோட்டல் கிச்சன்ல இருக்கேன், பன்னெண்டு வருஷமாச்சு. சுயேச்சைன்னா எங்க ஊர்ல ஹீலி-ரே குடும்பம். ஜாக்கி ஹீலி-ரே, கில்கார்வன் கிராமம், தலையில எப்பவும் கட்டம் போட்ட தொப்பி. 1973-ல கவுன்சிலுக்கு வந்தவர், ஃபியன்னா ஃபாயில் கட்சிக்காரர். மத்தவங்களுக்குத் தேர்தல் வேலை பார்த்து ஜெயிக்க வெச்சவர். 1997-ல "எனக்கு சீட்டு கொடுங்க"ன்னு கேட்டப்ப கட்சி கொடுக்கலை. சுயேச்சையா நின்னார், ஜெயிச்சார். அந்தத் தேர்தல்ல ஃபியன்னா ஃபாயில் தலைவர் பெர்ட்டி அஹர்னுக்குப் பெரும்பான்மை இல்லை, இவரை மாதிரி மூணு நாலு சுயேச்சைங்க கையைத்தான் பிடிச்சுக்க வேண்டியதாப் போச்சு. சீட்டு தராத கட்சி, ஆட்சிக்காக இவர் வாசல்ல வந்து நின்னுது! தெற்கு கெர்ரிக்கு ரோடு ரோடா அவர் கேட்டு வாங்கினதை இன்னிக்கும் பெருசுங்க கதையா சொல்றாங்க.

தன் ஆளுங்க யாருன்னு கேட்டதுக்கு, மத்தியானம் சாப்பாடு சாப்பிடறவங்கன்னு சொன்னாராம். டப்ளின்காரங்களுக்கு ராத்திரிதான் சாப்பாடு. வயக்காட்டுல வேலை செய்றவனுக்கு மத்தியானம். ஒரே வரியில ஊரைப் பிரிச்சுட்டார் மனுஷன்.

சிவா_லிம்ரிக்

நாங்க மத்தியானமும் சாப்பிடுவோம், ராத்திரியும் சாப்பிடுவோம். எங்க ஓட்டு யாருக்கு?

கில்லார்னி_கண்ணன்

@சிவா, உனக்கு நோட்டாதான். ஆனா இங்க அதுவும் கிடையாது.

விட்ட இடத்துலேர்ந்து வர்றேன். நாடாளுமன்றத்துலயும் கவுன்சில்லயும் ஒரே ஆள் ரெண்டு நாற்காலி வெச்சுக்கக் கூடாதுன்னு 2003-ல சட்டம் வந்துச்சு. ஜாக்கி கவுன்சில் நாற்காலியை விட்டார், மகன் டேனி உக்காந்தார். இன்னொரு மகன் மைக்கேல் 1999-லயே கவுன்சிலர். 2011-ல அப்பா ஓய்வு, மைக்கேல் டாயிலுக்கு (நாடாளுமன்றக் கீழ்சபை) போனார். மைக்கேலோட கவுன்சில் நாற்காலிக்கு டேனி மகன் ஜானி வந்தார். 2016-ல டேனியும் டாயிலுக்குப் போக, அந்த நாற்காலிக்கு அவர் மக மோரா. 2019-ல மைக்கேல் மகன் ஜாக்கியும் நின்னு ஜெயிச்சு, பேரப்பிள்ளைங்க மூணு பேரும் ஒரே கவுன்சில்ல உக்காந்தாங்க. 2016 தேர்தல்ல மைக்கேல் 20,378 ஓட்டு, டேனி 9,991. ஒரே வீட்டுல ரெண்டு பேர் அஞ்சு சீட்டு தொகுதியில!

கவுன்சிலர் நாற்காலி காலியானா இங்க இடைத்தேர்தல் கிடையாது, அதைப் புரிஞ்சுக்கணும். கட்சிக்காரர்னா கட்சி ஆளைச் சொல்லும். சுயேச்சைன்னா பெரும்பாலும் அவர் சொல்ற ஆள். பல ஊர்ல அது வீட்டு ஆளாத்தான் இருக்கும்.

தாரணி

கண்ணன் அண்ணா கதையாகச் சொல்லும்போது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இது பரம்பரை ஆட்சி இல்லையா? கேட்டால் சுயேச்சை என்று பெயர்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தப் பாட்டியின் மருத்துவ அட்டை. அது அவருக்கு உரிமை. வருமானக் கணக்குப்படி தகுதி இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. நடுவில் கவுன்சிலர் எதற்கு? அவர் ஒரு கடிதம் எழுதுவார், அட்டை எப்படியும் வரும், பாட்டி சாகும்வரை நன்றியோடு ஓட்டுப் போடுவார். வரவேண்டியதே வந்தது. அதைத் தன் தயவாகக் காட்டியதுதான் கவுன்சிலர் செய்த வேலை.

மழைக்காதலி அக்கா கடைக்குப் போகத் தெரிந்தவர். ஆங்கிலம் தடுமாறும் ஒரு புது ஆள், காளான் பண்ணையிலோ இறைச்சி ஆலையிலோ வேலை செய்பவர், அவர் குழியை யார் மூடுவார்கள்?

மழைக்காதலி

தாரணி, நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா நான் முதல்ல உரிமைப்படிதான் போனேன். ரெண்டு தடவை. ஒரு நம்பர்தான் வந்துச்சு.

பாட்டி விஷயம் நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அவங்களுக்குத் தெரியாம இருந்தது அட்டையைப் பத்தி இல்லை, அந்த பாரத்துல ஒரு பக்கம். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட கணக்கு எங்க எழுதறதுன்னு. அவர் டைரியை மூடி வெச்சுட்டு, பென்சில் எடுத்து, பக்கத்துல உக்காந்து எழுதிக் கொடுத்தார். இருபது நிமிஷம். எங்க முதியோர் இல்லத்துல அந்த வேலைக்கு ஒரு ஆள் வேணும்னு நாங்க எத்தனை தடவை கேட்டிருக்கோம்.

ரவி_ஓட்டு_எண்ணி

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப வாயைத் திறக்கிறேன். 2019, 2024 ரெண்டு தேர்தலுக்கும் ஒரு சுயேச்சைக்காக ஓட்டு எண்ற இடத்துல நின்னிருக்கேன். அவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்ங்கற கேள்விக்கு பதில் அங்கதான் இருக்கு.

இங்க வாக்குச்சீட்டுல ஒரு ஆளுக்கு மட்டும் குத்தறது கிடையாது. 1, 2, 3, 4ன்னு பிடிச்ச வரிசையில எண் போடணும். ஒரு தொகுதிக்கு ஆறு சீட்டுன்னு வெச்சுக்குங்க, செல்லுபடியான ஓட்டு 12,000. ஏழால வகுத்து ஒண்ணு கூட்டணும், 1,715. அதைத் தொட்டவர் ஜெயிச்சார். அதுக்கு மேல இருக்கிற உபரி ஓட்டு, அந்தச் சீட்டுகள்ல அடுத்த எண் வாங்கினவங்களுக்குப் போகும். கடைசியா இருக்கிறவரைத் தூக்குவாங்க, அவர் ஓட்டும் அப்படியே நகரும். சுத்து சுத்தா போகும். சில இடத்துல ரெண்டு மூணு நாள் ஆகும். நாங்க சாண்ட்விச்சும் பிளாஸ்க் டீயுமா விளையாட்டு அரங்கத்துலயே கிடப்போம்.

கட்சிக்காரருக்கு முதல் எண் விழும், கட்சியில நிக்கிற இன்னொருத்தர் கிட்டேயிருந்து ஓட்டு நகரும். சுயேச்சைக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு எல்லா வீட்டுலயும் ரெண்டாவது, மூணாவது எண் வேணும். ஃபியன்னா ஃபாயில் வீட்டுல 2, இன்னொரு பெரிய கட்சியான ஃபினா கேல் வீட்டுல 3. அதனால அவர் யாரையும் பகைச்சுக்க முடியாது. கவுன்சில் கூட்டத்துல கட்சிக்காரனை வறுத்தெடுப்பார், அதே ஆளோட அம்மா இறந்தா சவப்பெட்டிக்கு முதல் வரிசையில நிப்பார்.

இன்னொரு சங்கதி. பெட்டியைத் திறந்து சீட்டைப் பிரிக்கும்போதே தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்க எல்லாக் கட்சிக்காரங்களும் சாஞ்சு நின்னு பென்சிலால கோடு போட்டுட்டே இருப்போம். டாலின்னு பேரு. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஊர். எதிரிக் கட்சிங்க கூட அங்க தாளை மாத்திக்குவாங்க. மத்தியானத்துக்குள்ள எந்தக் கிராமத்துல எத்தனை விழுந்துச்சுன்னு கைக்கு வந்துடும். எங்க ஆளு அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சார். போன தடவை 140 விழுந்த பெட்டியில இந்த தடவை 90. முகம் சுருங்கிடுச்சு. அடுத்த வாரமே அந்த ஊர் கால்பந்து மைதானத்துல நின்னார்.

சிவா_லிம்ரிக்

ரவி அண்ணா, சாவு வீடு பத்தி விளக்கமா சொல்லுங்க. எங்க மேனேஜர் காலையில காபியோட இரங்கல் அறிவிப்பு வெப்சைட்தான் முதல்ல பார்க்கிறார், எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை.

ரவி_ஓட்டு_எண்ணி

ஹாஹா. நாட்டுல பாதிப் பேர் அதைத்தான் பார்க்கிறாங்க, சிவா. அது பெரிய வியாபாரமாகி 2024-ல ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகையே விலைக்கு வாங்கிடுச்சு. கிராமத்து ரேடியோவுலயும் தினம் இறந்தவங்க பட்டியல் வாசிப்பாங்க.

முதல் தடவை எங்க ஆளு என்னைக் கூட்டிட்டுப் போனப்ப எனக்குக் கூச்சமா இருந்துச்சு. வீட்டுக்கு வெளியே மழையில நூறு பேர் வரிசை. உள்ளே ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு ஒரே வாக்கியம், "உங்க துயரத்துக்கு வருந்துறேன்." அவ்வளவுதான், வேற பேச்சே கூடாது. ஓட்டுப் பத்தி மூச்சு விட்டா முடிஞ்சுது. அப்புறம் டீ, ஹாம் சாண்ட்விச். கிளம்பும்போது வாசல்ல ஒருத்தர் மெதுவா, "அந்தக் கால்வாய் அடைப்பு விஷயம்..."னு ஆரம்பிப்பார். டைரி வெளிய வராது, மனசுலயே குறிச்சுக்கிட்டார். காருக்குள்ள ஏறினதும்தான் பென்சில்.

வேஷம்னு நீங்க சொல்லலாம். ஆனா மனைவி இழந்த ஒரு கிழவருக்கு, அன்னிக்கு வந்தவங்க யாரு வராதவங்க யாருன்னு பத்து வருஷம் ஞாபகம் இருக்கும்.

வாசுதேவன்_டப்ளின்

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பதற்குள். முன்பு கவுன்சிலருக்கு ஆண்டுக்கு 17,000 யூரோ அளவில்தான் கிடைத்தது. கவுன்சிலர் சம்பளத்தை ஆராய்ந்த மூர்ஹெட் அறிக்கைக்குப் பிறகு 2021 ஜூலையில் 25,788 ஆனது, பிறகு அரசு ஊழியர் உயர்வுகளோடு சேர்ந்து கூடிக்கொண்டு வருகிறது. பயணப்படி தனி. பதவி விட்டுப் போகும்போது ஒரு தொகை உண்டு. முழுநேர வேலைக்கு அது போதாது, பகுதிநேரம் என்று சொன்னாலோ வேலை வாரம் முழுக்க இழுக்கும். அதனால்தான் விவசாயி, கடைக்காரர், மதுக்கடை நடத்துபவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் இவர்களே அதிகம் வருகிறார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கும், ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கும் கஷ்டம்.

நிற்பதற்கு மட்டும் பெரிய செலவில்லை. கட்சி இல்லாதவர் 100 யூரோ கட்ட வேண்டும், அல்லது 15 வாக்காளர்கள் ஆதரித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்று. அதிகாரம் குறைவு என்று மேலே சொன்னேன், ஒரு திருத்தம். நாடாளுமன்ற மேல்சபையான செனட்டின் 60 இடங்களில் 43-க்கு வாக்களிப்பவர்களில் பெரும்பகுதி இந்தக் கவுன்சிலர்கள்தான். செனட் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் நாடு முழுக்க காரோட்டி இவர்கள் சமையலறைகளில் டீ குடிப்பார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நிற்க நான்கு கவுன்சில்கள் முன்மொழிந்தாலே போதும். 2018-ல் ஆறு பேர் நின்றார்கள், அதில் நான்கு பேர் இந்த வழியில் வந்தவர்கள்.

தாரணி

வாசு அண்ணா, பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நிலம்.

வளர்ச்சித் திட்டத்தைக் கவுன்சிலர்கள்தான் ஓட்டுப்போட்டு நிறைவேற்றுகிறார்கள். எந்த வயல் வயலாகவே இருக்கும், எந்த வயல் வீட்டுமனையாகும் என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு கோடு நகர்ந்தால் ஒருவர் கோடீஸ்வரர். டப்ளினில் இதற்காகக் கைமாறிய பணத்தை விசாரிக்க 1997-ல் அமைத்த ஆணையம் 2012-ல்தான் இறுதி அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரையால் 2019-ல் திட்டமிடல் ஒழுங்குமுறை அலுவலகம் வந்தது. இப்போது கவுன்சிலர்கள் இஷ்டத்துக்குக் கோடு போட்டால் மேலேயிருந்து மந்திரி உத்தரவு வரும். தலைமை நிர்வாகிக்கே "இந்த வீட்டுக்கு அனுமதி கொடு" என்று தீர்மானம் போடும் வழி முன்பு இருந்தது. கட்டட அனுமதி விஷயத்தில் 2014 சட்டம் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

கிராமத்துச் சுயேச்சைகளுக்கு இதில்தான் கோபம். விவசாயி மகன் அப்பா நிலத்தில் வீடு கட்ட, தனக்கு அந்த ஊரோடு தொடர்பு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கட்டினால் ரோட்டோரம் ஒவ்வொன்றாக வீடு, ஒவ்வொன்றுக்கும் செப்டிக் டேங்க், கிணற்றுத் தண்ணீர் கெடுகிறது என்கிறார்கள் அதிகாரிகள். கட்டவிடாவிட்டால் பள்ளிக்கூடம் மூடும், ஊர் கேலிக் கால்பந்து அணிக்கு பதினைந்து பேர் தேறாது என்கிறார்கள் கவுன்சிலர்கள். இதில் மட்டும் நான் பாதி கவுன்சிலர் பக்கம், ஒத்துக்கொள்கிறேன்.

கில்லார்னி_கண்ணன்

அப்பாடா, தாரணி பாதி நம்ம பக்கம்! ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன்.

நானும் பதிலுக்கு ஒண்ணு ஒத்துக்கறேன். சில நேரம் இவங்க அடிக்கிற கூத்து தாங்காது. 2013 ஜனவரியில டேனி ஹீலி-ரே எங்க கவுன்சில்ல ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தனிமையில கிடக்கிற கிராமத்துப் பெருசுங்க ரெண்டு மூணு கிளாஸ் குடிச்சுட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல மெதுவா வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போக போலீஸ் அனுமதி தரணுமாம்! 27 பேர் இருக்கிற கவுன்சில், ஆதரவு 5, எதிர்ப்பு 3. மிச்சப் பேர் ஒண்ணு வரலை, இல்லேன்னா ஓட்டே போடலை. நிறைவேறிடுச்சு. உலகம் முழுக்கப் பத்திரிகையில சிரிச்சாங்க, மந்திரி முடியாதுன்னுட்டார்.

எனக்கும் கோபம்தான். நர்ஸ் வேலை பார்க்கிற மழைக்காதலி அக்காவுக்கு எங்களைவிட அதிகம் இருக்கும். ஆனா தீர்மானத்துக்குள்ள ஒரு உண்மை இருந்துச்சு. பஸ் கிடையாது, டாக்சி கிடையாது, கிழவன் நாலு சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கான். மருந்துதான் தப்பு, நோய் நிஜம்.

அதே டேனியும் மேற்கு கார்க் மைக்கேல் காலின்ஸும் 2017 கடைசியில ஆரம்பிச்சது இன்னொண்ணு. கண்புரை ஆபரேஷனுக்கு இங்க வருஷக்கணக்கா காத்திருப்பு. எல்லை தாண்டிப் போய் பண்ணிட்டா காசைத் திருப்பிக் கேட்கலாம்னு ஐரோப்பிய விதி இருந்துச்சு. பஸ் பிடிச்சுக் கிழவன் கிழவிங்களை வட அயர்லாந்துல இருக்கிற பெல்ஃபாஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்ப ரெண்டு பேரும் டாயில் உறுப்பினருங்க, ஆனா பழக்கம் கவுன்சிலர் பழக்கம். எங்க ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற மாமாவோட அம்மா அப்படித்தான் போய் வந்தாங்க. கட்டு அவிழ்த்ததும் முதல்ல சொன்னது, "இந்தச் சமையலறை இவ்வளவு அழுக்கா?"

மழைக்காதலி

கண்ணன், குடிச்சுட்டு வண்டி ஓட்டுறதைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா இழை தாங்காது. நகருவோம்.

ஆனா நோய் நிஜம்னு சொன்னியே, அது சரி. எங்க பக்கம் சுயேச்சை ஏன் இவ்வளவுன்னு கேட்டுப் பார்த்தேன், ரெண்டு காரணம் சொல்றாங்க. ஒண்ணு, ராஸ்காமன் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவை 2011 ஜூலையில மூடினது. அதுக்காக டெனிஸ் நாட்டன் தன் கட்சிக்கு எதிராவே ஓட்டுப் போட்டு வெளிய வந்தார். ரெண்டாவது, கரிமண் வெட்டறது. சதுப்பு நிலத்துல டர்ஃப் வெட்டிக் காயவெச்சு வீட்டுல எரிக்கிற பழக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கு. ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்பு விதியில 53 சதுப்பு நிலங்கள்ல வெட்டக் கூடாதுன்னுட்டாங்க. "மிங்" ஃபிளானகன் 2004-ல ராஸ்காமன் கவுன்சிலுக்கு சுயேச்சையா வந்தவர், இந்தக் கரிமண் போராட்டத்துலயும் முன்னாடி நின்னு 2011-ல டாயில், 2014-ல ஐரோப்பிய நாடாளுமன்றம். அவர் விட்டுப்போன டாயில் இடத்துக்கு மைக்கேல் ஃபிட்ஸ்மாரிஸ். அவர் கதை இன்னும் வேகம்: அதே 2014 மே மாசம் கால்வே கவுன்சிலர், அக்டோபர் இடைத்தேர்தல்ல டாயில் உறுப்பினர்!

கரிமண் எரியற வாசனை நவம்பர் ராத்திரியில எங்க ஊர்ல ஒரு மாதிரி இருக்கும். புகையுதுன்னும் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

சிவா_லிம்ரிக்

நம்ம ஆளுங்க நின்னா ஜெயிக்க முடியுமா? சீரியஸா கேட்கிறேன்.

வாசுதேவன்_டப்ளின்

தம்பி, உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கவோ நிற்கவோ குடியுரிமை தேவையில்லை. 18 வயது, இங்கே வசிக்க வேண்டும், பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவருக்கும் ஓட்டு உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

முன்னுதாரணமும் இருக்கிறது. ரோட்டிமி அடெபாரி, நைஜீரியாவிலிருந்து 2000-ல் அகதியாக வந்தவர். நான்கே ஆண்டில் போர்ட்லீஷ் ஊர் கவுன்சிலுக்குச் சுயேச்சையாக ஜெயித்தார். 2007-ல் அந்த ஊர் மேயர், இந்த நாட்டின் முதல் கறுப்பின மேயர். கட்சியும் இல்லை, தாத்தா காலத்து ஓட்டும் இல்லை. கதவு கதவாகத் தட்டித்தான் வந்தார்.

தாரணி

அவர் ஜெயித்தது ஊர் கவுன்சிலில். அந்தப் படியைத்தான் 2014-ல் இடித்துவிட்டார்கள். இப்போது புதிதாக வருகிறவர் நேராகக் கவுன்டி கவுன்சிலுக்குத் தாவ வேண்டும், முப்பது மைல் சுற்றளவில் சாவு வீட்டுக்குப் போக வேண்டும்.

மழைக்காதலி (ஏழு வாரத்துக்குப் பிறகு)

இழையைத் தூசி தட்டறேன், மன்னிக்கணும். குழி மூடியாச்சு!

செவ்வாய்க்கிழமை காலையில டியூட்டி முடிஞ்சு வர்றேன், வளைவுல மஞ்சள் விளக்கு சுத்துற லாரி. மூணு பேர். ஒருத்தர் தண்ணியைத் துடைப்பத்தால தள்ளுறார், ஒருத்தர் ஆவி பறக்கத் தாரைக் கொட்டுறார், மூணாமவர் மண்வெட்டி மேல கையை வெச்சுட்டு எனக்கு வணக்கம் சொல்றார். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

அன்னிக்குச் சாயங்காலம் நம்ம கவுன்சிலர் போன். "போஸ்ட்மேன் வீட்டம்மாவா? ரோடு எப்படி இருக்கு?" வெள்ளிக்கிழமை தபால்ல ஒரு கட்சிக் கவுன்சிலரோட அச்சடிச்ச கடிதம், உங்கள் சாலை செப்பனிடப்பட்டதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்னு. இவரை நான் பார்த்ததே இல்லை. ஞாயித்துக்கிழமை சர்ச் செய்திமடல்ல மூணாவது ஆள், தன் தொடர் முயற்சியால்னு.

வாசுதேவன்_டப்ளின்

சகோதரி, ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுதோறும் சாலைப் பணி அட்டவணை ஒன்று நிறைவேற்றுவார்கள், கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். உங்கள் சந்துக்கு எல் என்று தொடங்கும் ஒரு எண் உண்டு. தேடிப் பாருங்கள்.

மழைக்காதலி

தேடினேன். இருக்கு, சார். நான் அந்தத் தீவன ரூமுக்குப் போறதுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே நிறைவேத்தின பட்டியல்ல எங்க சந்து இருக்கு.

தாரணி

நான் எதுவும் சொல்லவில்லை அக்கா. :)

ரவி_ஓட்டு_எண்ணி

பட்டியல்ல யார் சேர்த்தாங்கன்னு கேளுங்க. அதிகாரி கொண்டுவர்ற அட்டவணையை நிறைவேத்தறது அந்தப் பகுதிக் கவுன்சிலர்கள்தான். அதுக்கு முன்னாடி "இந்த ரோட்டையும் சேர்"னு சண்டை நடக்கும்.

மழைக்காதலி

கேட்டேன். சனிக்கிழமை போய் நேராவே கேட்டேன். டைரியைப் பின்னாடி பின்னாடி புரட்டினார். நவம்பர் பக்கத்துல எங்க சந்து பேர், பக்கத்துல யாரோ ஒருத்தர் பேர், பென்சில்ல ஒரு கோடு. "உனக்கு முன்னாடி பால் லாரிக்காரன் சொன்னான்"னார். அவர் சொன்னதாலதான் பட்டியல்ல வந்துச்சா, இல்ல எப்படியும் வந்திருக்குமான்னு கேட்டதுக்குச் சிரிச்சார். "எனக்கே தெரியாது. ஆனா கேட்காம விட்ட ரோடு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை."

வர்ற வழியில பார்த்தேன். புதுத் தாருக்கு ரெண்டடி தள்ளி, ஓரமா, கை அகலத்துக்கு ஒரு விரிசல் விட்டிருக்கு. மழை வேற ஆரம்பிச்சிருக்கு.

கில்லார்னி_கண்ணன்

சனிக்கிழமை பத்து மணிக்கு, அக்கா. தீவன மூட்டை மேல உக்காந்துக்குங்க, நாற்காலி ரெண்டுதானே.